புள்ளிக்காரர் வைத்த இரண்டாவது புள்ளி

புள்ளிக்காரர், கணினி பழுதுபார்ப்பவர். பிறப்பு 1953, இறப்பு 2020.

அவர் சேர்த்து வைத்த சொத்து என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும். "புள்ளிக்காரர் சோதிச்சதா? அப்ப சரி" என்று ஊரார் சொல்லும் ஒரு வார்த்தை. பழைய பேருந்து நிலையத்தின் பின்புறம் கணினி வைத்திருந்த எல்லோருக்கும் அந்த வார்த்தை தெரியும். அது அவர் கையை விட்டுப் போன விதம்தான் இந்த வரலாறு.

செருப்புக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் இடையே, இருவர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அகலத்தில் அவரும் அவருடைய சகலையும் நடத்திய கடை இருந்தது. முன்பாதியில் கண்ணாடி மேசை. பின்பாதியில் மரத் தடுப்புக்கு அப்பால் பட்டறை. முன்பாதியில் சகலை அமர்ந்திருப்பார். பின்பாதியில் புள்ளிக்காரர் குனிந்திருப்பார். அக்காளை மணந்தவர் புள்ளிக்காரர்; தங்கையை மணந்தவர் சகலை. சகலைக்கு வாயில் தேன்; வந்தவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார். புள்ளிக்காரருக்கோ வாடிக்கையாளரிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. ஒருவர் வாயும் ஒருவர் கையுமாகக் கடை நன்றாகவே ஓடியது. குடியிருப்பும் ஒரே வீட்டில்தான். கீழே அக்காள் குடும்பம், மாடியில் தங்கை குடும்பம்.

முதலில் டேப்ரெக்கார்டர், பிறகு தொலைக்காட்சி, அதன் பிறகு கணினி என்று காலம் கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் புள்ளிக்காரர் திறந்து பார்த்தவர். பொருள்கள் மாறினாலும் முறை மாறவில்லை. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். இரண்டை ஒன்றாக மாற்றிப் பழுது நீங்கிவிட்டால், பழுது எதில் இருந்தது என்பது கடைசிவரை தெரியாமல் போகும். அப்படி நீங்கிய பழுதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னொன்று, ஒரு பெட்டியைத் திறந்தவரே மூட வேண்டும். பாதியில் எழுந்து போய் இன்னொருவர் திருகாணி முடுக்குவது அவருக்குப் பிடிக்காது.

பெயர் வந்த கதை சிறியது. இனி உயிர் கொடுக்க முடியாது என்று அவர் தீர்மானித்த மதர்போர்டின் மூலையில், மனைவியின் நகப்பூச்சை எடுத்துச் சிவப்பாக ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழுந்தால் அந்தப் போர்டின் கதை முடிந்தது. அது மறுபடி எந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது.

"ஊர்ல அவனவன் பெரிய புள்ளி ஆகணும்னு அலையறான். இந்த மனுஷன் சின்னப் புள்ளி வெச்சே காலத்த ஓட்டிட்டாரு" என்பார் சாவி செய்பவர்.

மனைவியின் குறை வேறு. "என் நகத்துக்குப் போட்டதவிட அந்தச் செத்ததுங்களுக்குப் போட்டதுதான் ஜாஸ்தி. பாட்டில் வாங்கப் போனா கடைக்காரப் பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாக்கறா. இந்த வயசுல இத்தனை சிவப்பான்னு."

ஒருமுறை மூலையில் வைத்த புள்ளி சூட்டில் பெயர்ந்து உதிர்ந்துவிட்டது. செத்த போர்டை நல்ல போர்டென்று எண்ணி அரை நாள் அதனோடு மல்லுக்கட்டினார். அதன் பின் இரண்டாவது புள்ளி ஒன்றையும் வைக்கத் தொடங்கினார். போர்டில் கடிகாரத்தை ஓட்டுவதற்கென ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். அதை நெம்பி எடுத்து, அது உட்காரும் குழியின் ஓரத்தில் ஊசி முனையளவு சிவப்பு வைத்து, காய்ந்ததும் பேட்டரியைத் திரும்பப் பொருத்திவிடுவார். அங்கே எதுவும் உரசாது, எதுவும் உதிராது. இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்து யாரும் கேட்கவுமில்லை.

புள்ளி வைத்த போர்டுகளை அவர் உடைப்பதில்லை. கிளிப், சாக்கெட், சிறு திருகாணி என்று அவற்றில் எடுத்து ஆளக் கூடியவை இருந்தன. கழற்ற வேண்டியதைக் கழற்றிக்கொண்டு, மீதியைக் கடைக்குப் பின்னால் ஒரு சாக்கில் போட்டு வைப்பார். சாக்கு நிறைந்தால் பழைய சாமான்காரர் வந்து எடுத்துப் போவார். அவரைக் கூப்பிட்டு அனுப்புவது சகலையின் பொறுப்பு. சாக்கு காலியாகிறதா என்று மட்டும் புள்ளிக்காரர் பார்ப்பார், காலியாகிக்கொண்டுதான் இருந்தது.

2008ஆம் ஆண்டு அவருடைய வலக்கண்ணில் புரை விழுந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும், குனியக் கூடாது, ஈயம் பற்றவைக்கும் புகை கண்ணில் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சில வாரங்கள் வீட்டிலேயே இருந்தார். சகலை மாலைதோறும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்காருவார். தாமே உரித்து, சுளையின் நார் நீக்கிக் கொடுப்பார்.

"அண்ணே, நீங்க கண்ண மூடிட்டு நிம்மதியா இருங்க. கடைய நான் பாத்துக்கறேன்."

"திறந்து கிடக்கற பெட்டி ஏதாவது இருக்கா தம்பி?"

"எல்லாத்தையும் மூடிக் குடுத்தாச்சுண்ணே. யார்கிட்டயும் ஒரு சொல் கேக்கல."

சொந்தத் தம்பி இருந்தால்கூட இப்படிப் பார்த்திருப்பானா என்று புள்ளிக்காரர் மனைவியிடம் சொன்னார். மனைவி பதில் சொல்லாமல் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

ஓராண்டு கழித்து ஒரு மதிய வேளையில், சகலை சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு பெண்மணி கனத்த துணிப்பையோடு கடைக்குள் நுழைந்தார். பழைய வீடியோ கேசட்டுகளை டிஸ்கில் மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். கேசட்டக்கா என்றால் நான்கு தெருவுக்குத் தெரியும். அன்று அவர் முகம் கடுகடுவென்றிருந்தது.

"உள்ள யாரு, புள்ளிக்காரரா? உங்களத்தான் பாக்கணும். முன்னாடி உக்காந்திருக்கறவர்கிட்டப் பேசிப் பேசி என் நாக்கே தேஞ்சுபோச்சு."

"உக்காருங்கம்மா. என்ன தொந்தரவு?"

கேசட்டக்கா பையைக் கவிழ்த்தார். கண்ணாடி மேசைமேல் டிஸ்குகள் சறுக்கிப் பரவின.

"எல்லாம் திரும்பி வந்தது. எழுதறப்ப நல்லபடியா எழுதி முடிச்சாச்சுன்னுதான் காட்டுது. நானும் நம்பிக் குடுத்துடறேன். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாத்தா பாதி வரைக்கும் ஓடுது, அப்புறம் படம் கட்டம் கட்டமா உடையுது. ஒரு பொண்ணு அவங்க அப்பா பேசின கேசட்டக் குடுத்தா. அவரு இப்ப இல்ல. கேசட்டு பழசு, ஒரு ஓட்டம் ஓடினதும் அறுந்துபோச்சு. டிஸ்க்ல அவரு வாயத் தொறக்கறாரு, அதோட நின்னுபோகுது. அந்தப் பொண்ணு என்னைத் திட்டக்கூட இல்ல. டிஸ்க வெச்சுட்டுப் போயிட்டா. திட்டியிருந்தா தேவலை."

"டிரைவ மாத்திப் பாத்தீங்களா?"

"இப்ப இருக்கறது மூணாவது டிரைவ். மூணையும் உங்க சகலைகிட்டத்தான் வாங்கினேன். முதல்ல வீட்ல தூசுன்னாரு. பெருக்கித் துடைச்சு, புருஷனையே வாசல்ல காலக் கழுவிட்டு வரச் சொன்னேன். அப்புறம் டிஸ்க் மட்டம்னாரு. ஒசத்தியா வாங்கினேன். இப்ப எனக்கே ஓட்டத் தெரியலங்கறாரு. எத்தனை வருஷமா ஓட்டறேன்!"

"மதர்போர்டு போன வருஷம் மாத்தினதுதானே?"

"ஆமா. நீங்க சோதிச்சு எடுத்து வெச்ச போர்டுன்னு சொல்லித்தானே போட்டாரு? அதனாலதான் அது மேல எனக்குச் சந்தேகமே வரல. புள்ளிக்காரர் பாத்ததுன்னா அப்புறம் பேச்சென்னன்னு விட்டுட்டேன்."

அப்படி ஒரு போர்டைச் சோதித்து வைத்ததாக அவருக்கு நினைவில்லை. அது கண் அறுவைக்குப் பிந்திய வாரங்கள். அதற்கு முன்பே நல்லதெனத் தேர்ந்து அலமாரியில் வைத்திருந்ததைச் சகலை எடுத்திருக்கலாம். கண்ணோடு ஞாபகமும் மங்கியதோ என்று பழியைத் தம்மேலேயே போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, பட்டறையிலிருந்த நல்ல பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு அவருடன் புறப்பட்டார்.

கேசட்டக்காவின் முன்னறையில் கேசட் ஓட்டும் பெட்டிகள் இரண்டு, ஒரு தொலைக்காட்சி, துணி போட்டு மூடிய ஒரு கணினி, சுவரோரம் பெயர்ச்சீட்டு ஒட்டிய கேசட் அடுக்குகள். தரையில் விரலால் தேய்த்தால் தூசு ஒட்டாது. தூசு என்ற காரணத்தை முதலிலேயே நீக்கினார்.

பிறகு தம் வழக்கப்படி ஒன்றொன்றாகத் தொடங்கினார். டிரைவைக் கழற்றித் தாம் கொண்டுவந்திருந்த வேறொரு பெட்டியில் பொருத்தி ஒரு டிஸ்கை எழுதினார். பிசிறில்லாமல் எழுதியது. ஆகவே டிரைவில் குற்றமில்லை. அதைத் திரும்பப் பொருத்தி, பட்டைக் கேபிளை மட்டும் மாற்றினார். எழுதியதில் பாதிக்கு மேல் கெட்டது. பழைய கேபிளையே போட்டு, மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினார். அப்போதும் கெட்டது. நினைவகத்தை மாற்றினார். கெட்டது. மாற்றிய ஒவ்வொன்றையும் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததற்குப் போனதால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கேசட்டக்கா இருமுறை தேநீர் வைத்தார். இருமுறையும் அது ஆடை கட்டியது.

ஒரு விஷயம் புலப்பட்டது. பெட்டி குளிர்ந்திருக்கையில் எழுதும் முதல் பகுதி நன்றாக இருந்தது. சூடேறிய பிறகு எழுதுவது கெட்டது. போர்டில் டிஸ்கின் போக்குவரத்தைக் கவனிக்கும் சிப் என்ற சில்லில் விரலை வைத்தார். சுரீரென்றது. மின்விசிறியை அதன்மேல் திருப்பி வைத்து எழுதச் சொன்னார். கெடுதல் தள்ளிப் போனது, நிற்கவில்லை. குற்றம் போர்டில்தான் என்பது உறுதியாயிற்று.

"இன்னொன்னு கேக்கணும்னு இருந்தேன். இதுல எழுதற எல்லாத்துலயும் தேதி தப்பா விழுது. ஒவ்வொரு தடவ அணைச்சுப் போடறப்பயும் 2004 ஜனவரி ஒண்ணுங்குது. காலத்த இப்படிப் பின்னாடி ஓட்டுதே, என் வயசையும் சேத்துக் குறைச்சா நல்லாயிருக்கும்" என்றார் கேசட்டக்கா.

அன்று அந்த வீட்டில் முதல்முறையாகப் புள்ளிக்காரர் சிரித்தார். "பேட்டரி தீந்திருக்கும்மா. போர்ட எப்படியும் மாத்தணும். ஆனா முதல்ல இத மட்டும் மாத்திப் பாத்துடறேன்."

முறை என்றால் முறை. தள்ளப்போகிற போர்டுக்கும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தாக வேண்டும். சிறிய ஸ்க்ரூடிரைவரின் முனையால் பட்டன் பேட்டரியை நெம்பினார். அது துள்ளி அவர் உள்ளங்கையில் விழுந்தது. குழியின் ஓரத்தில், ஊசி முனையளவில், சிவப்பாக ஒரு புள்ளி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். புள்ளி இருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் போர்டின் மூலையைப் பார்த்தார். பச்சைப் பூச்சின் பளபளப்பு அங்கே மட்டும் வட்டமாகச் செத்திருந்தது. எதையோ ஊற்றித் துடைத்த தடம். பக்கத்தில் வரிசையாக நின்ற கெப்பாசிட்டர்கள் புத்தம் புதியவை. அந்தப் போர்டு இப்போது அவருக்கு முழுதாக நினைவு வந்தது. தட்டச்சுப் பயிலகத்தின் கணினியில் இருந்தது. கெப்பாசிட்டர்கள் வீங்கியிருந்தன, அவற்றை மாற்றினாலும், சூடேறினால் அந்தச் சில்லு டிஸ்கைச் சரியாக எழுதாது என்று கண்டுதான் புள்ளி வைத்தார். அவர் கையாலேயே தள்ளியதை அவர் பெயரைச் சொல்லியே இந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் புதுப்பித்துப் பளபளப்பாக்கியவர் பேட்டரியை மட்டும் மாற்றவில்லை. வெற்றிலை பாக்கு விலைக்குக் கிடைக்கும் சாமானில் சிக்கனம் பார்த்ததால் அந்தக் குழி திறக்கப்படவேயில்லை.

"என்ன ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"நாளைக்கு வரேம்மா. இத இப்படியே வெச்சிருங்க. யாரையும் தொட விடாதீங்க."

திறந்த பெட்டியை மூடாமல் அவர் ஒரு வீட்டை விட்டு வெளியேறியது அதுவே முதல்முறை.

கடையில் சகலை கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் முகமெல்லாம் அன்பு.

"எங்கண்ணே போயிட்டீங்க, சாப்பிடாமக்கூட? அண்ணி வேற ஆள் அனுப்பிட்டாங்க. முகமே வாடிப்போச்சு பாருங்க."

புள்ளிக்காரர் பட்டன் பேட்டரியைக் கண்ணாடி மேசையின்மேல் வைத்தார். "கேசட்டக்கா பெட்டியில இருக்கற போர்டு எங்கேர்ந்து வந்துச்சு தம்பி?"

"நம்ம அலமாரியில இருந்ததுதாண்ணே."

"அலமாரியா? சாக்கா?"

"சாக்கா? என்னண்ணே, வெயில்ல நடந்து வந்தீங்களா? புள்ளி வெச்சத யாராவது போடுவாங்களா? வேணும்னா மூலையப் பாத்துட்டு வாங்க, புள்ளி இருக்கான்னு."

"மூலையில இல்ல. பேட்டரிக்கு அடியில இருக்கு."

சகலையின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "பேட்டரிக்கு அடியில என்ன இருக்கு?"

"இன்னொரு புள்ளி. எப்பவும் ரெண்டு வெப்பேன்."

சகலையின் முகத்தில் வெட்கம் வரும் என்று புள்ளிக்காரர் எதிர்பார்த்தார். வந்தது வேறொன்று. ஏமாற்றப்பட்டவனின் முகம் அது. கண்கள்கூடக் கலங்கின.

"இத்தனை வருஷமா கூடவே இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே! என்னை நம்பாமத்தானே ஒளிச்சு வெச்சீங்க?"

புள்ளிக்காரருக்கு வழக்கை யார் யார்மேல் தொடுக்கிறார்கள் என்பதே குழம்பிற்று.

"எத்தனை போர்டு போயிருக்கு?"

"யாரு எண்ணினா? வெளிய ஒருத்தர்கிட்டக் குடுத்து கெப்பாசிட்டர மாத்தினா எந்திரிச்சு உக்காருதுண்ணே. நீங்க செத்துச்சுன்னு சொன்னா செத்துடுமா? உங்களுக்குப் பயம். லேசா இருமினாப் போதும், புள்ளி வெச்சுடறீங்க. ஓடற வண்டியத் தூக்கி எடைக்குப் போடறதுதான் எனக்குப் பாவமாப் பட்டுது."

"ஓடற வண்டின்னா, பழச ரிப்பேர் பண்ணினதுன்னு சொல்லி உன் பேர்ல வித்திருக்கலாமே. எதுக்கு நான் சோதிச்சதுன்னு சொன்ன?"

"என் பேரச் சொன்னா எவன் வாங்குவான்?"

சூதுவாது இல்லாமல், நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சகலை அதைச் சொன்னார். தடுப்புக்கு இந்தப் புறம் தாம் குனிந்து குனிந்து சேர்த்ததை அந்தப் புறம் இவர் தட்டில் வைத்து நிறுத்து விற்றிருக்கிறார் என்பது புள்ளிக்காரருக்கு அந்த ஒற்றை வாக்கியத்தில் விளங்கிவிட்டது. பக்கத்துக் கடையில் சாவி ராவும் ஓசையும் நின்றுபோயிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூலையில இருந்தத எதால அழிச்ச?"

சகலை முதல்முறையாகப் பார்வையைத் திருப்பினார். "நகப்பூச்சு அழிக்கிறதுக்குன்னே பாட்டில்ல விக்கிறாங்களே. வீட்ல இருந்துது."

எந்த வீட்டில் என்று அவர் கேட்கவில்லை. நடந்து வீட்டுக்குப் போனார்.

மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டில்மேல் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கதவருகே நின்றபடியே கேட்டார்.

"நகப்பூச்சு அழிக்கிற பாட்டில் ஒண்ணு இருந்துதே, எங்க?"

"எதுக்குங்க இப்ப? தீந்துபோச்சு."

"நீ நகத்துக்குப் போடறத விட்டே எவ்வளவோ காலமாச்சு. எப்படித் தீந்துச்சு?"

"தங்கச்சி வாங்கிட்டுப் போவா."

"அவளும் போடறதில்லையே. எதுக்குன்னு நீ கேக்கலையா?"

கேட்கவில்லை என்று அவள் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்பத் தயாராகவே நின்றார். முப்பதாண்டு மணவாழ்வில் அவள் பொய் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

"கேட்டேன்."

மடித்த சட்டையை அவள் மறுபடி உதறி, மறுபடி மடித்தாள்.

"எப்ப?"

"உங்க கண்ணு ஆபரேஷன் ஆச்சே, அப்ப. அவ அழுதா. மாமாவுக்குத் தெரிஞ்சா கடை ரெண்டாகும், வீடு ரெண்டாகும், நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில கிடக்கணும்னா. நான் என்னங்க பண்ணுவேன்? கூடப் பொறந்தது அவ ஒருத்திதான்."

"நான் கட்டுப் போட்டுட்டு இந்தக் கட்டில்ல படுத்திருந்தேன்."

"ஆமாங்க."

"அவன் பழம் உரிச்சுக் குடுத்தான். நீ பாத்துட்டு நின்ன."

அவருக்கு இன்னும் ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஒரு பாட்டில் அத்தனை போர்டுக்குக் காணாது. மத்தத யாரு வாங்கினா?"

"நான்தான்" என்றாள் அவள். துணியிலிருந்து கை எடுக்கவில்லை. "அவ போய்க் கேட்டா யாராவது எதுக்குன்னு கேப்பாங்க. நான் கேட்டா யாரும் கேக்கமாட்டாங்க. உங்களுக்குத்தான்னு நெனைச்சுப்பாங்க."

அவருடைய பெயர் கடையில் மட்டும் விற்கப்படவில்லை. வீட்டிலிருந்தும் கடன் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் சத்தம் போடவில்லை. மாடிப்படியில் யாரோ மூச்சடக்கி நிற்பது தெரிந்தது. அதையும் ஏறெடுத்துப் பார்க்காமல் உள்ளறைக்குப் போய், தம் சொந்தக் கணினியின் முன் உட்கார்ந்தார்.

அந்தக் கணினியில் இருந்ததும் கேசட்டக்காவின் பெட்டிக்கு ஏற்ற அதே ரகப் போர்டு. அந்நாளில் பலரும் போட்டுக்கொண்டது. அவரே புதிதாக வாங்கி, அவரே பொருத்தி, நாள்தோறும் ஓட்டிப் பார்த்தது. கடை அலமாரியில் நல்லவை என்று இருந்தவற்றை இனி அவர் நம்பத் தயாராக இல்லை. தாம் அறியாமல் யார் கையும் படாத ஒரு போர்டு ஊரில் இருக்கிறதென்றால் அது இதுதான். இதுவும் அப்படித்தானா என்று ஒரு சந்தேகம் குறுகுறுத்தது. பேட்டரியை நெம்பிப் பார்த்தார். குழி சுத்தமாக இருந்தது. தம் வீட்டுப் பொருளையே இப்படிச் சோதிக்கும்படி ஆகிவிட்டதே என்று அப்போதுதான் அவருக்குக் கண்ணீர் முட்டியது.

மறுநாள் காலையில் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கேசட்டக்காவின் வீட்டுக்குப் போனார். பெட்டி அவர் விட்டுப் போன நிலையிலேயே திறந்திருந்தது. கேபிள்களை ஒவ்வொன்றாக உருவினார். மூளைச் சில்லைத் தூக்கி, அதன் முதுகில் காய்ந்திருந்த பசையை வழித்தார். திருகாணிகளைக் கழற்றி ஒரு மூடியில் போட்டார். பழைய போர்டு வெளியே வந்தது. தாம் கொண்டுவந்ததை வைப்பதற்கு முன், தகட்டில் நிற்கும் பித்தளை முளைகள் போர்டின் துளைகளுக்கு நேராக இருக்கின்றனவா, எங்கேனும் உபரி முளை அடியில் இடிக்கிறதா என்று பார்த்தார். திருகாணிகளை எதிர் எதிர் மூலையாக, ஒரே மூச்சில் இறுக்காமல், சிறிது சிறிதாக முடுக்கினார். முன்பக்க விளக்குக்கும் பொத்தானுக்கும் வரும் தலைமயிர் போன்ற கம்பிகளை, புரை நீங்கிய கண்ணால் எழுத்துப் பார்த்துச் செருகினார்.

பெட்டி உயிர் பெற்றது. ஒரு முழுக் கேசட்டை ஓட விட்டு, டிஸ்கில் எழுதி, அதை வேறு பெட்டியில் போட்டுக் கடைசி நொடி வரை உட்கார்ந்து பார்த்தார். யாரோ முகமறியாத குடும்பம் ஒரு கடற்கரையில் நடந்தது, ஓடியது, காலை நனைத்தது, கையசைத்தது. கட்டம் எதுவும் உடையவில்லை. சில்லில் விரல் வைத்தார். வெதுவெதுப்பு மட்டுமே.

"ஆக, போர்டுதானா?" என்றார் கேசட்டக்கா.

"போர்டுதாம்மா. அது நான் ஆகாதுன்னு தள்ளின போர்டு. சாக்குல கிடந்தத எடுத்து, புள்ளிய அழிச்சு உங்களுக்குப் போட்டிருக்காங்க."

"யாரு? உங்க சகலையா?"

"எங்க வீட்ல இருக்கறவங்க."

கேசட்டக்கா அந்தப் பழைய போர்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினார். "ஆகாதுன்னு தெரிஞ்சும் அத ஏன் உடைக்காம வெச்சீங்க?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. கிளிப், சாக்கெட், சிறு திருகாணி. ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா வாயைத் திறந்தபடி நின்றுபோன டிஸ்க் மேசைமேல் கிடந்தது. அதன் எதிரில் திருகாணியைப் பற்றிப் பேச நா எழவில்லை. போர்டை முழங்காலில் வைத்து அழுத்தினார். வளைந்ததே தவிர உடையவில்லை. பையிலிருந்த கம்பி வெட்டியால் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டு மறுபடி அழுத்தினார். பெரிய ஓசையோடு இரண்டாயிற்று.

"உங்க சகலைய நான் எப்பவும் நம்பினதில்ல" என்றார் கேசட்டக்கா. குரலில் கோபம் இல்லை. அதுதான் கடினமாக இருந்தது. "நான் நம்பினது உங்க பேர. ஏமாந்ததும் அதுலதான். இனிமே ஒருத்தர் சோதிச்சதுன்னு சொன்னா எனக்கு எப்படி நம்பிக்கை வரும், சொல்லுங்க?"

"வராதும்மா" என்றார் புள்ளிக்காரர்.

அதன் பின் அவர் கடைக்குப் போகவில்லை. கடையும் இரண்டாகவில்லை, வீடும் இரண்டாகவில்லை. அக்காளும் தங்கையும் ஒரே கூரையின் கீழேயே இருந்தார்கள். அவர்கள் அஞ்சியது எதுவும் நடக்காததால், தாங்கள் செய்தது சரிதான் என்றும்கூட அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். மனைவி வைத்த சோற்றை அவர் சாப்பிட்டார். அவள் கேட்டதற்குப் பதில் சொன்னார். தாமாக எதையும் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். மாடியிலிருந்து வரும் ஆரஞ்சுப் பழங்கள் கூடத்து மேசையில் சுருங்கிக் கிடக்கும்.

மருந்து மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில், காலாவதியான மருந்துகளைப் பிரித்தெடுக்கும் வேலை கிடைத்தது. கழித்த அட்டைகளைப் பெட்டியில் போட்டு வைத்தால் போதும் என்பது அங்கே நடைமுறை. அவர் ஒவ்வோர் அட்டையையும் கத்தரியால் குறுக்கே வெட்டி, மாத்திரைகளை நசுக்கிய பிறகே போட்டார். "இவ்வளவு மெனக்கெடணுமா பெரியவரே?" என்று கிடங்குக்காரர் கேட்டால், "கெட்டது முழுசா இருக்கக் கூடாதுங்க" என்பார்.

சகலையின் கடையில் தடுப்பு அப்படியே இருந்தது. பின்னால் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் வருகிறவர்களிடம், "அண்ணன் உள்ளதான் இருக்காரு, சோதிச்சுட்டிருக்காரு" என்றே முன்னால் சொல்லப்பட்டது. தெருவில் யாராவது புள்ளிக்காரரை நிறுத்தி, "நேத்து நீங்க சோதிச்சுக் குடுத்தீங்களே அந்தப் பெட்டி..." என்று தொடங்குவார்கள். அவர் முடிக்க விடமாட்டார்.

"நான் சோதிக்கல."

"இல்லிங்க, உங்க பேரச் சொல்லித்தான்..."

"நான் சோதிக்கலங்க. பேட்டரியக் கழட்டி அடியில பாருங்க."

சிலர் பார்த்தார்கள். சிலர், வயதாகிவிட்டது பாவம் என்று நகர்ந்தார்கள். எத்தனை வீடுகளில், எத்தனை பெட்டிகளுக்குள் தம் சிவப்புப் புள்ளி இருட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கேசட்டக்காவின் வீட்டில் அந்தக் காலையில் அவர் செய்த கடைசிக் காரியம் ஒன்று உண்டு. உடைந்த போர்டின் இரு துண்டுகளையும் பையில் போட்ட பிறகு, புதிய பேட்டரி ஒன்றைப் பொருத்தி, கணினியின் கடிகாரத்தில் ஆண்டு, மாதம், நாள் என்று ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார். அணைத்து, மறுபடி போட்டு, தேதி நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. திறந்தவர் அவர், ஆகவே அவரே மூடினார். அவர் ஒரு கணினியைத் திறந்து மூடியது அதுவே கடைசி. திரையில் அப்போது இருந்த தேதி 2009 நவம்பர் 12, வியாழக்கிழமை.